ஜெனிட்டா சிஸ்டர் புதுப்பட்டினம் கொண்டுபோன தெர்மாமீட்டர்

செங்கல்பட்டில் நம் அறக்கட்டளை மருத்துவமனையின் புற்றுநோய்ப் பகல்நேரச் சிகிச்சைப் பிரிவில் பதினாறு ஆண்டுகள் பணியாற்றி, இன்று அறுபது வயது நிறைந்து ஓய்வு பெறும் மூத்த செவிலியர், கருங்குழி ஏசுதாஸ் அவர்களின் மகள், எங்கள் மதிப்புக்கும் அன்புக்கும் உரிய ஜெனிட்டா அவர்களுக்கு, உடன் பணியாற்றிய நாங்கள் அனைவரும் எழுந்து நின்று வாசித்தளிக்கும் மடல்.

சிஸ்டர் அவர்களே!

இதில் எழுதியிருப்பதெல்லாம் நடந்தபடியேதான் இருக்கிறதா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. நான் நரசிம்மன்; பதிவேட்டு அறையில் இருப்பவன். தேதிகளைக் கோப்புகளில் பார்த்துக்கொண்டேன். யார் என்ன சொன்னார்கள் என்பது, ஒரு கூட்டத்துப் பேச்சைத் தவிர, எந்தக் கோப்பிலும் இல்லை. 2018 செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மழை பெய்துகொண்டிருந்ததாகவே இத்தனை ஆண்டுகளும் நினைத்திருந்தேன். திவ்யா சிஸ்டரைக் கேட்டால், மழையே இல்லை, மின்சாரம் போய் எல்லோரும் கோப்பு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தோம் என்கிறார். அவர் சொல்வது சரியாக இருக்கலாம். அந்த நாளைப் பற்றி நான் அதிகம் பேசியதில்லை. பேசாமல் வைத்திருக்கும் நினைவில் வேண்டாதது ஏதேனும் சேர்ந்துவிடும் போலிருக்கிறது.

புத்தகம் படிக்கிறவன் என்ற ஒரே காரணத்தால் இந்த மடலை எழுதும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். உங்களிடம் வந்து கேட்டேன். "பட்டமெல்லாம் போட்டு எழுதாதீங்க சார். வூட்ல மாட்டுனா என் மருமக படிச்சுட்டு சிரிப்பா. நடந்தத எழுதுங்க. தப்பையும் சேத்து எழுதுங்க" என்றீர்கள். அப்படியே எழுதியிருக்கிறேன். ஒன்றிரண்டு பட்டங்கள் எங்கள் ஆசைக்காக இடையில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நரம்பறிந்த நல்விரல் உடையவரே! 2009 ஜூன் மாதம் நீங்கள் இங்கே சேர்ந்தபோது இந்தப் பிரிவில் நான்கு நாற்காலிகள் மட்டுமே இருந்தன. சென்னையில் ஓராண்டு புற்றுநோய்ச் செவிலியர் பயிற்சி முடித்துவிட்டு வந்திருந்தீர்கள். நான்கு முறை மருந்து ஏற்றிக் கறுத்துச் சுருங்கிப்போன கையிலும் நரம்பு கண்டுபிடிப்பீர்கள்; அதற்கு முன்னால் வெந்நீர்ப் பையை அந்தக் கையின்மேல் பத்து நிமிடம் வைப்பீர்கள். மருந்து ஒரு சொட்டு வெளியே கசிந்தாலும் தோல் வெந்துபோகும் என்பதால் ஏறி முடியும்வரை நோயாளியின் அருகிலேயே நிற்பீர்கள். ஒருவரையும் நாற்காலி எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு அரை மணி நேரம் எல்லாவற்றையும் விளக்குவீர்கள். அவர்கள் தலையாட்டுவார்கள். வெளியே வந்து என் ஜன்னலில் நின்று, "சார், சிஸ்டர் இன்னா சொன்னாங்கன்னு எழுதிக் குடுங்க" என்பார்கள்.

புதுப்பட்டினத்துப் பதருன்னிசா அவர்கள் இந்தக் கதைக்குள் வந்தது அப்படித்தான். அவருடைய கணவர் அப்துல் சுபஹான் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். பதருன்னிசாவுக்கு மார்பகப் புற்றுநோய். இங்கேதான் சிகிச்சை முடிந்தது. பரிசோதனைக்கு வரும் நாட்களில் வேலை முடிந்தும் போகமாட்டார். நடைபாதை பெஞ்சில் புதிய நோயாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொள்வார். தலைமுடி போகுமா என்று கேட்ட ஒரு பெண்ணுக்கு அவர் சொன்ன பதில் ஜன்னல் வழியாக எனக்கும் கேட்டது.

"போகும். பதினேழாவது நாளு கொத்தா வரும். தலகாணில பாத்துட்டு அழுவாத, முன்னாடியே வெட்டிக்க. எனக்குத் திரும்ப சுருட்ட சுருட்டயா மொளச்சுது. எங்க வூட்டுக்காரரு, புதுசா ஒரு கல்யாணம் பண்ண மாதிரி கீதுன்றாரு. டப்புதான் செலவில்ல!"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. ஊசியே வேண்டாம் என்று காலையில் அடம்பிடித்தவர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்து கையை நீட்டினார். நோயாளிகள் கூடி நின்று பேசினால் விரட்டும் வழக்கமுள்ள இடம் இது. நீங்கள் விரட்டவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

2016இல் அவரையே புதிய நோயாளிகளுக்கு முதல் துணையாக வைத்துக்கொண்டீர்கள். புதனும் வெள்ளியும் வருவார். கழுத்தில் அடையாள அட்டை. வந்ததும் என் ஜன்னலில் கையெழுத்து. பிறகு இன்னும் இருவர் சேர்ந்தார்கள். புதிய நோயாளியிடம் முதல் அரை மணி நேரம் நீங்கள் பேசுவீர்கள். அடுத்த அரை மணி நேரம் துணை பேசுவார். அப்போது நீங்கள் அறையை விட்டு வெளியே போய்விடுவீர்கள். ஏன் வெளியே போகிறீர்கள் என்று டாக்டர் ஒருமுறை கேட்டார். "நான் இருந்தா நல்லாருக்கேன்னுதான் சொல்லுவாங்க" என்றீர்கள்.

நீங்கள் அவருக்குக் கற்றுக்கொடுத்ததைப் போலவே அவரிடமிருந்து கற்றுக்கொள்ளவும் செய்தீர்கள். வாந்தி இருக்கிறதா என்று நீங்கள் கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். "இருக்கான்னு கேட்டா இல்லன்னுதான் வரும் சிஸ்டர். நேத்து காலைல இன்னா நாஸ்தா துன்னேன்னு கேளுங்க, தானா வெளிய வந்துரும்" என்றார் பதருன்னிசா. அன்றிலிருந்து உங்கள் படிவத்தில் முதல் கேள்வி அதுதான். அறுவை சிகிச்சைக்குப் பின் நீர் வடியும் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டே பேருந்தில் போகும் பெண்களுக்காக, பாவாடைத் துணியில் தோளில் மாட்டும் பை தைத்துக் கொண்டுவந்தவரும் அவர்தான். அந்தப் பை இன்றுவரை நம் பிரிவில் கொடுக்கப்படுகிறது.

இனி தப்பு.

2018இல் செல்லம்மா வந்தார். மாமல்லபுரத்தில் ஒரு தங்கும் விடுதியின் சலவைப் பிரிவில் வேலை. கணவர் இல்லை. மகன் ஜோயல் கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். செல்லம்மாவுக்கும் பதருன்னிசாவுக்கும் ஒரே நோய், ஏறக்குறைய ஒரே வயது. அது போதும் என்று பதருன்னிசாவையே துணையாக அமர்த்தினீர்கள். இருவரும் முதல் நாளிலிருந்தே அக்கா தங்கையாகிவிட்டார்கள்.

இரண்டாவது மருந்து ஏற்றி ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை, செல்லம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. உங்கள் எண் அவருடைய நோட்டின் முதல் பக்கத்தில் இருந்தது. அவர் கூப்பிட்டது பதருன்னிசாவை. பதருன்னிசா தனக்கு நேர்ந்ததைச் சொன்னார். எனக்கும் ரெண்டாவது ஊசிக்கு வந்துச்சு, கஷாயம் வச்சுக் குடி, ஒரு மாத்திர போட்டுக்க, ரெண்டு நாள்ல ஓடிரும் என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அவருக்குக் காய்ச்சல் வந்தது ஊசி போட்ட மறுநாள், மருந்தின் உபத்திரவம், தானாகவே போய்விட்டது. ஒன்பதாம் நாள் என்பது வேறு. அப்போது இரத்தத்தில் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். சாதாரணக் கிருமியும் சில மணி நேரத்தில் உயிரை எடுத்துவிடும். இது நமக்குத் தெரியும். துணைக்குத் தெரியாது. மாத்திரை காய்ச்சலை மறைத்தது. செல்லம்மா தேறிவிட்டதாகவே நினைத்து அடுத்த நாள் வேலைக்கும் போனார்.

அந்த அடுத்த நாள்தான் நான் மழை பெய்ததாக நினைக்கும் வெள்ளிக்கிழமை. நீங்கள் பயிற்சி வகுப்புக்காகச் சென்னை போயிருந்தீர்கள். பதருன்னிசா என் ஜன்னலில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "மாமல்லபுரத்து செல்லம்மாவுக்கு லேசா காய்ச்சலாம் சார். சிஸ்டர் வந்தா சொல்லுங்க" என்றார். நான் படித்துக்கொண்டிருந்த பக்கத்திலிருந்து தலையைத் தூக்கி, "சரி" என்றேன். பிறகு பக்கத்தைப் புரட்டினேன். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மழையைப் பற்றித்தான் சந்தேகம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜோயல் ஷேர் ஆட்டோவிலேயே அம்மாவைக் கொண்டுவந்தார். உடம்பு தூக்கிப்போட்டுக்கொண்டிருந்தது; நினைவு இல்லை. நீங்கள் விடுப்பு நாளிலும் கருங்குழியிலிருந்து வந்து சேர்ந்தீர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு நாட்கள். அந்த ஆறு நாட்களும் செல்லம்மா பிழைப்பாரா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை.

ஜோயல் நடைபாதையில் நின்று கத்தியது எல்லோருக்கும் நினைவிருக்கும். "யாருய்யா அந்தம்மா? ஊசி குத்திகினா டாக்டராய்டுவாங்களா? கூப்டுங்க அந்த டாக்டரம்மாவ! எங்கம்மாவுக்கு எதுனா ஆச்சுன்னா இருக்குது!"

திங்கட்கிழமை பதருன்னிசா வந்தார். உள்ளே போகவில்லை. என் ஜன்னலில் அடையாள அட்டையைக் கழற்றி வைத்தார். "இருக்காங்களா சார்?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறார் என்றேன். வெள்ளிக்கிழமை என்னிடம் சொன்னதைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை. நானும் பேசவில்லை. போய்விட்டார். மற்ற இரண்டு துணைகளும் பயந்துபோய் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

புதன்கிழமை நிர்வாகக் கூட்டம். குறிப்பு எழுத நான் உட்கார்ந்திருந்தேன். நோயாளிக்கு நோயாளி வைத்தியம் சொல்வதை இனி அனுமதிக்க முடியாது, துணை ஏற்பாட்டை இன்றோடு நிறுத்துவோம் என்றார் நிர்வாக அலுவலர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பிறகு நீங்கள் பேசியதை அன்றே எழுதி வைத்தேன். அதனால் சொல் மாறாமல் தருகிறேன்.

"தப்பு பதரு மேல இல்ல சார், என் மேல. துணைக்கு ஆள் குடுத்தேன். எத சொல்லக் கூடாதுன்னு சொல்லிக் குடுக்கல. ஆனா ஒண்ணு கேக்குறேன். செல்லம்மா நோட்டுல என் நம்பர் இருந்துச்சு. ஏன் எனக்குப் பண்ணல? லேசான காய்ச்சலுக்கெல்லாம் கூப்ட்டா சிஸ்டர் திட்டுவாங்கன்னு பயந்துருக்காங்க. பயப்படாம கூப்ட்டது ஒரே ஒரு நம்பர். அதையும் நாம எடுத்துட்டா, அடுத்த தடவ யாரையுமே கூப்ட மாட்டாங்க. வூட்லயே கெடப்பாங்க."

மூன்று மாதம் தருகிறேன், அதற்குள் இன்னொரு முறை இப்படி நடந்தால் ஏற்பாடு இல்லை என்றார் அலுவலர். தப்பு தன்னுடையது என்று நடவடிக்கைப் பதிவேட்டில் உங்கள் கையெழுத்திலேயே எழுதிக் கொடுத்தீர்கள். என் பேனாவைத்தான் வாங்கி எழுதினீர்கள். நான் கொடுத்தேன்.

மூன்று மாதம் கிடைத்துவிட்டது. துணையாக இருக்க ஒருவரும் இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வெளியே வந்த அன்று செல்லம்மா கேட்ட முதல் கேள்வி, "எங்கக்கா ஏன் வரல?" என்பது. அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை புதுப்பட்டினம் போகப் புறப்பட்டீர்கள். நானும் வருகிறேன் என்றேன். காரணம் கேட்கவில்லை நீங்கள். பேருந்தில் திருக்கழுக்குன்றம் வருவதற்குள் அந்த வெள்ளிக்கிழமையைச் சொல்லிவிட்டேன். நீங்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மூன்று நிறுத்தம் போனபின், "தெரியும் சார். வெள்ளிக்கிழம வந்து உங்ககிட்டதான கையெழுத்து போட்ருப்பாங்க? சொல்லாம இருந்துருக்க மாட்டாங்க" என்றீர்கள். இன்னும் கொஞ்ச தூரம் போனபின், "இனிமே நீங்களும் கேளுங்க. எத்தினி சூடு, எத்தனாவது நாளுன்னு" என்றீர்கள். அதற்குமேல் இன்றுவரை அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

பாத்திரக்கடையில் சுபஹான் பாய் ஸ்டூல் எடுத்துப் போட்டார். "அவ வரமாட்டா சிஸ்டர். ஆறு நாளா வாயத் தொறக்கல. முப்பது வருசத்துல நான் பாத்ததே இல்ல. வூடே பேஜாராய்டுச்சு. சண்டயாச்சும் போடுடீன்னு கெஞ்சுறேன்" என்றார். கடைக்குப் பின்னால் வீடு. திரைக்கு அந்தப் பக்கம் பதருன்னிசா நிற்பது எங்களுக்குத் தெரிந்தது.

"பதரு, செல்லம்மா உங்களத் தேடுறாங்க" என்றீர்கள்.

"நான் வந்து இன்னா பண்ணப் போறேன் சிஸ்டர்? என் வாயே சரியில்ல."

"வாயி நல்லாத்தான் கீது. தெர்மாமீட்டர்தான் இல்ல."

கைப்பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து, டிபன் பாக்ஸ் அடுக்குக்குப் பக்கத்தில் கடை மேசைமேல் வைத்தீர்கள். வாடிக்கையாளர் ஒருவர் வந்து குடம் விலை கேட்டுவிட்டுப் போனார். நீங்கள் எழுந்திருக்கவில்லை, இன்னொரு முறை கூப்பிடவும் இல்லை. பிறகு திரை விலகியது. பதருன்னிசா தெர்மாமீட்டரை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இத எப்டிப் பாக்கணும்?" என்றார்.

"தேங்க்ஸ் சிஸ்டர், பேசிட்டா" என்றார் பாய்.

"நீ சும்மா இரு" என்றார் பதருன்னிசா. ஆறு நாளில் அவர் கணவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று பாய் இன்றும் எல்லோரிடமும் சொல்கிறார்.

துணையைத் துலக்கித் தந்தவரே! அடுத்த வாரமே, பதருன்னிசா திரும்பியதைப் பார்த்து மற்ற இருவரும் வந்துவிட, துணைகள் மூவரையும் உட்காரவைத்து அந்த ஒரே விதியைச் சொன்னீர்கள்: முதலில் சூடு எவ்வளவு, ஊசி போட்டு எத்தனாவது நாள், பிறகுதான் கதை. நூறு புள்ளி நான்கோ அதற்கு மேலோ காட்டினால் கதையே கிடையாது. மாத்திரையும் கிடையாது. உடனே சிஸ்டரின் எண். நோயாளி வண்டி ஏறும்வரை துணை தொலைபேசியை வைக்கக் கூடாது. நோயாளிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு தெர்மாமீட்டர் கொடுத்து, துணையின் முன்னாலேயே பார்க்கப் பழக்கினீர்கள். இனிமேல் காய்ச்சலுக்குக் கூப்பிட்டவரை யாரும் திட்டக் கூடாது என்று எங்கள் எல்லோருக்கும், டாக்டர்களையும் சேர்த்து, சொன்னீர்கள். என் ஜன்னலுக்கு உள்பக்கமும் அந்த விதியை ஒட்டிவிட்டுப் போனீர்கள்.

மூன்று மாதம் முடியப் பத்து நாள் இருக்கும்போது சோதனை வந்தது. ஒரு புதன்கிழமை மதியம் பதருன்னிசா என் ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தார். சதுரங்கப்பட்டினத்திலிருந்து ஒரு பெண் அழுதுகொண்டே கூப்பிட்டார். "மொதல்ல சூடு சொல்லு, அப்பறம் அழுவு" என்றார் பதருன்னிசா. நூற்றொன்று, பதினோராவது நாள். மறுமுனையில் அந்தப் பெண், உங்களுக்கு இப்படி வந்ததா அக்கா, போய்விடுமா என்று கேட்பது என் காதுக்கே கேட்டது. பதருன்னிசாவுக்குச் சொல்வதற்கு ஒரு கதை இருந்தது. அவர் சொல்லவில்லை. "என் கதய அப்பறம் சொல்றேன். செருப்ப மாட்டு" என்றார். நான் ஓடிவந்து உங்களிடம் சொன்னேன். பதிவேட்டு அறையிலிருந்து நான் ஓடியதை யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை. நீங்கள் கூப்பிட்ட வண்டி யாருடையது என்பது எங்களுக்கு அது வந்து நின்றபோதுதான் தெரிந்தது. ஜோயல் அந்தப் பெண்ணை இறக்கிவிட்டு, பதருன்னிசாவைப் பார்த்து, "இன்னா டாக்டரம்மா, இந்த தபா கரெக்டா சொல்லிட்டியா?" என்றார். "போடா" என்றார் பதருன்னிசா. இருவரும் அதற்குமுன் நேருக்கு நேர் பேசியதே இல்லை. அந்தப் பெண் நான்கு நாளில் வீட்டுக்குப் போனார். துணை ஏற்பாட்டை நிறுத்துவது பற்றிய பேச்சு அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் எழவில்லை.

சிஸ்டர் அவர்களே! உங்களைப் பற்றிச் சொல்ல இன்னும் நிறைய இருக்கிறது. பதினாறு ஆண்டுகளில் நீங்கள் எடுத்த விடுப்பைவிட விடுப்பு நாளில் வந்து நின்ற நாட்கள் அதிகம். அவற்றையெல்லாம் எழுதினால் நீங்கள் பாதியிலேயே நிறுத்தச் சொல்வீர்கள். எல்லோரும் என்ன ஆனார்கள் என்பதை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

செல்லம்மா மீதி மருந்துகளையும் ஏற்றி முடித்து, சலவை வேலைக்குத் திரும்பினார். மூன்று ஆண்டுகள் அவரும் துணையாக வந்தார். பிறகு நோய் நுரையீரலில் திரும்பியது. 2023 பிப்ரவரியில், மாமல்லபுரத்தில் தன் வீட்டில், பகல் பதினொரு மணிக்கு இறந்தார். ஒரு பக்கம் பதருன்னிசாவும் ஒரு பக்கம் நீங்களும் இருந்தீர்கள். ஜோயல் ஷேர் ஆட்டோதான் ஓட்டுகிறார். கேளம்பாக்கத்திலிருந்து புதுப்பட்டினம் வரை காய்ச்சலோடு கூப்பிடும் எவரையும் கொண்டுவந்து சேர்க்கிறார். பதருன்னிசா புதனும் வெள்ளியும் வருகிறார். இன்று முன்வரிசையில் உட்கார்ந்து, நான் எதைத் தப்பாகச் சொல்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். சுபஹான் பாய் கடையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் தெர்மாமீட்டரும் கிடைக்கும். துணைகள் இப்போது பத்தொன்பது பேர். நான்கு நாற்காலிகள் பதினான்காகிவிட்டன. எனக்கும் வரும் மே மாதத்தோடு பணி முடிகிறது. அதுவரை ஜன்னலில் வருகிறவர்களிடம் எத்தனாவது நாள் என்று கேட்டுக்கொண்டிருப்பேன். உங்கள் தொலைபேசி நாளை காலை எட்டு மணியிலிருந்து திவ்யா சிஸ்டரிடம் இருக்கும். எண் மாறாது.

நீங்கள் கருங்குழியில், உங்கள் வீட்டில், நல்ல உடம்போடு நெடுநாள் இருக்க வேண்டும். எப்போதாவது காய்ச்சல் வந்தால் நீங்களாக வைத்தியம் பார்த்துக்கொள்ளாமல் அந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள். யாரும் திட்டமாட்டோம். முதலில் சூடு எவ்வளவு என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பகல்நேரச் சிகிச்சைப் பிரிவின் செவிலியர்கள், மருத்துவர்கள், பணியாளர்கள்,
துணைகள் பத்தொன்பது பேர்,
பதிவேட்டு அறை நரசிம்மன்.
செங்கல்பட்டு, 2025.